ஐஸ் இல்லாத பார்

பதினாறு வருஷமாக நான் ஒரு பாரில் வேலை பார்க்கிறேன். பழனியில் இருக்கும் என் அம்மாவுக்கு இது தெரியாது. மகன் கொடைக்கானலில் ஹோட்டல் லைனில் இருக்கிறான் என்று, அடிவாரத்தில் எங்கள் பஞ்சாமிர்தக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஹோட்டலில் மேலே பன்னிரண்டு அறை, கீழே பார். நான் கீழே இருக்கிறேன், அவ்வளவுதான். பஞ்சாமிர்த டப்பா அடுக்கிப் பழகிய கை என்பதால் பாட்டில்களையும் வரிசை பிசகாமல் அடுக்குகிறேன் என்று பழைய முதலாளி என்னை மெச்சுவார்.

ஒரு பாருக்கு எப்படிப்பட்ட ஆட்கள் தினமும் வருவார்கள் என்பதை அதன் அலமாரியைப் பார்த்தே சொல்லிவிடலாம். பதினாறு வருஷத்தில் நான் கற்றுக்கொண்ட ஒரே வித்தை இதுதான். பிராந்தி கேட்பவர் வீட்டுக்குப் போக வேண்டியவர், சட்டைப்பையில் பாக்குப் பொட்டலம் தயாராக இருக்கும். விஸ்கி கேட்பவர் பாட்டிலைக் கையில் வாங்கி லேபிளை முழுக்கப் படிப்பார், படித்துவிட்டு எப்போதும் குடிப்பதையே கேட்பார். ஓட்கா கேட்டு வருகிற கோயம்புத்தூர்ப் பையன்களுக்குக் கூடவே ஆரஞ்சு ஜூஸ் வேண்டும். எங்களிடம் ஸ்குவாஷ்தான் உண்டு, ஒரு தடவை குடித்தவன் மறு தடவை வந்ததில்லை. ஒரு சீசனுக்கு ஒயின் வாங்கி வைத்துப் பார்த்தோம். புதுசாகக் கல்யாணமான ஜோடிகளாக வந்து மெழுகுவத்தி கேட்டார்கள். ஒரு கிளாஸை மூன்று மணி நேரம் வைத்துக்கொண்டு அதைப் போட்டோ எடுத்தார்கள். மெழுகுவத்தி தீர்ந்ததே தவிர ஒயின் தீரவில்லை.

எங்கள் பாரின் விசேஷம், ஐஸ் கிடையாது. பழைய முதலாளி அதில் பிடிவாதக்காரர். "குளிருதுன்னு உள்ள வர்றவன் கையில ஐஸக் குடுக்கிறது பாவம்ப்பா. அந்தச் சோலி நமக்கு வேணாம்" என்பார். அதற்குப் பதில் மூஞ்சிக்கல்லில் ஒரு டீக்கடை மூடியபோது அதன் செம்பு பாய்லரை வாங்கிவந்து கவுண்டர் ஓரமாக வைத்தார். கிராம்பு, பட்டை, சுக்கு, கருப்பட்டி எல்லாம் போட்டு மதியமே தண்ணீர் கொதிக்க ஆரம்பித்துவிடும். கண்ணாடி டம்ளரில் ரம்மை அளந்து விட்டு, மேலே பாய்லர் தண்ணியைப் பிடித்துக் கொடுப்போம். அந்தத் தண்ணியே ரம் நிறத்தில்தான் இருக்கும்.

கிராம்பும் பட்டையும் பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் பாயிடம் வாங்குவேன். "என்ன தம்பி, உங்க ஹோட்டல்ல தினமும் பிரியாணியா? ஒரு நாளாவது எனக்கு ஒரு பார்சல் வந்திருக்கா?" என்று கேட்பார். எதற்கு வாங்குகிறேன் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். என் மரியாதையைக் காப்பாற்றத்தான் அப்படிக் கேட்கிறார் என்று எனக்கும் தெரியும்.

ஆக, சில்லென்று பீர் கேட்டு வந்த டூரிஸ்டுகள் வாசலோடு திரும்பிப் போனார்கள். வருஷம் முழுக்கக் குளிரில் கிடந்து வேலை பார்க்கிற உள்ளூர்க்காரர்கள் எங்களுக்கு மிஞ்சினார்கள். மூன்றரை மணிக்குப் பனி இறங்கும்போது இவர்களும் வந்து இறங்குவார்கள். ஏழு மணிக்கெல்லாம் வீட்டைப் பார்த்துக் கிளம்பிவிடுவார்கள்.

அவர்களில் நான்கு பேருக்குக் கணப்புப் பக்கத்து மேசை சொந்தம். ஒருவர் பூண்டுக்காரர். மலைமேல் பூண்டியில் பூண்டு விளைகிற நிலம், பிள்ளைகள் படிப்புக்காக நாயுடுபுரத்தில் வாடகை வீடு, இரண்டுக்கும் நடுவே ஒரு பழைய ஜீப். இன்னொருவர் மியூசிக் சார். கான்வென்ட் ஒன்றில் முப்பது வருஷம் பியானோ சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், மனைவி தவறிப்போய்த் தனியாக இருப்பவர். மூன்றாமவர் பேத்துப்பாறையிலிருந்து வருகிற பிளம்பர். லாட்ஜ் கீசர்களைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். நான்காவது ஆள் டிரைவர். டூரிஸ்ட் வேன் வைத்து ஓட்டியவர். வத்தலக்குண்டிலிருந்து ஏறுகிற ரோட்டில் ஒவ்வொரு வளைவையும் சொந்தக்காரர் மாதிரி பேசுவார்.

அந்த மேசைக்கு ஒரு சட்டம் இருந்தது. குடிக்காதவன் அங்கே உட்காரக் கூடாது. வேடிக்கைக்குப் போட்ட சட்டம் இல்லை. முன்பு ஒரு கல்யாணத் தரகர் வெறும் சோடாவை வைத்துக்கொண்டு ஒரு வாரம் இவர்களோடு உட்கார்ந்திருந்தார். மேசையில் பேசியதெல்லாம் அடுத்த வாரம் நாயுடுபுரத்தில் வீடு வீடாகக் கேட்டது. பிளம்பர் வீட்டில் அதனால் பெரிய சண்டையே வந்தது. "குடிச்சவன் கேட்டதுல பாதிய மறந்துருவான். குடிக்காதவன் அப்படியே சொமந்துக்கிட்டுப் போவான்" என்று பூண்டுக்காரர் தீர்ப்புச் சொன்னார். அதற்குப் பிறகு சோடா டம்ளரோடு யார் வந்தாலும் ஜன்னல் பக்கம் கையைக் காட்டிவிடுவார்கள். முதலில் காட்டுவது டிரைவர் கைதான்.

அவருக்குத்தான் ஈரல் கெட்டது. கண் மஞ்சளாகி, கால் வீங்கி, மதுரை ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் படுத்திருந்தார். வைத்தியத்துக்கு வேனை விற்றார்கள். திரும்பி வந்த பத்தாவது நாள் மதியம், நான் டம்ளர்களைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, அவர் மனைவி பின்வாசலில் வந்து நின்றார். இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து சின்னப் பிள்ளையில் கப்பலேறி வந்தவர். இங்கே ஒரு ஸ்கூல் ஹாஸ்டலில் சமையல் வேலை.

"தம்பி, இனி ஒரு சொட்டு உள்ள போனாலும் நாங்க பொறுப்பில்லன்னு டாக்டர்மார் சொல்லிட்டாங்க" என்றார்.

"சரிக்கா. வந்தாருன்னா நான் சொல்லித் திருப்பி அனுப்பிடறேன்."

"அதத்தான் வேணாங்கிறேன். வீட்டுல செவத்தப் பாத்துக்கிட்டே கெடக்காரு. சோத்த வச்சா சோத்தப் பாத்துக்கிட்டே இருக்காரு. வேனும் போச்சு. அந்த மேசையும் இல்லன்னா மனுசன் குடிக்காமலே செத்துருவாரு தம்பி."

பாய்லர் அப்போதுதான் சூடாகியிருந்தது. குளிரில் வந்தவராயிற்றே என்று ஒரு டம்ளர் பிடித்துக் கொடுத்தேன். குடிக்காமல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார்.

"தோட்டத்துல பால் இல்லாத தேத்தண்ணி இந்த நெறந்தான் இருக்கும். இதுல சாராயம் இருக்கா?"

"இல்லக்கா. வெறும் கருப்பட்டித் தண்ணி."

"அப்ப இதையே அவருக்குக் குடுங்க. ஊத்துற மாதிரி ஊத்துங்க. குடிக்க மாட்டேன்னு அவரு ஒத்துக்கிட்டாரு. மத்தவங்களுக்குத் தெரியக் கூடாதுங்கிறாரு, அவ்வளவுதான்."

அன்று சாயங்காலம் டிரைவர் வந்தார். பாதி ஆளாக இருந்தார். மேசையில் மூன்று பேரும் நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒன்றும் கேட்காமல் அவரைக் கணப்புக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். நான் முதுகைக் காட்டித் திரும்பி நின்று, வெறும் அளவுக் குப்பியை டம்ளரில் கவிழ்த்து, பாய்லர் தண்ணியைப் பிடித்து மற்ற மூன்றோடு சேர்த்துக் கொண்டுபோய் வைத்தேன். நான்கும் ஒரே நிறம், நான்கிலும் ஒரே ஆவி. டிரைவர் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்து, தொண்டையைக் கனைத்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

இப்படி ஒன்றரை வருஷம் ஓடியது. முப்பது வருஷம் குடித்த மனுஷனுக்குக் குடித்தவன் மாதிரி நடிக்கத் தெரியவில்லை என்பதுதான் வேடிக்கை. இரண்டாவது டம்ளர் வந்ததும் குரலை உயர்த்துவார். சொன்ன கதையையே மறுபடி சொல்வார். முந்தின நாள் பூண்டுக்காரர் சொன்னதை இன்று முதல் தடவை கேட்பவர் மாதிரி, "அப்படியா, எப்ப?" என்பார். எழுந்திருக்கும்போது ஒவ்வொரு நாளும் தவறாமல் ஒரே நாற்காலியில் இடித்துக்கொள்வார். "அண்ணே, ரொம்பப் போறீங்க. அந்த நாற்காலி கால் ஆடுது" என்று நான் தனியே கூப்பிட்டுச் சொன்னேன். "அப்ப நாளைக்கு வேற நாற்காலியில இடிச்சுக்கிறேன்" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் பூண்டுக்காரர் தன் ஜீப் சாவியை டிரைவரிடம் கொடுக்க ஆரம்பித்தார். பனியில் ரோடு சரியாகத் தெரியவில்லை, கண்ணில் ஏதோ கோளாறு என்று காரணம் சொன்னார். நான்கு பேரும் ஒரே ஜீப்பில் கிளம்பிப் போவார்கள். வேனை விற்ற கைக்கு மறுபடி ஸ்டீயரிங் கிடைத்ததில் டிரைவருக்கு இரண்டு சுற்றுச் சதை போட்டது என்றே சொல்லலாம்.

ஒருநாள் ஏரி ரோட்டில் போலீஸ் மறித்து, ஊதச் சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் டிரைவர் வெள்ளனே வந்து பின்பக்கம் நின்று எனக்கு நடந்ததைச் சொன்னார்.

"ஊதுனேன் தம்பி. மிஷின் ஒண்ணும் காட்டல. ஏட்டு போகச் சொல்லிட்டாரு. எனக்குக் கைகால் ஓடல. மூணு பேரும் பாத்துக்கிட்டு இருக்காங்க."

"என்ன சொன்னீங்க?"

"குளிருக்கு மிஷினு படுத்துருச்சுன்னேன். பிளம்பரு, ஆமாண்ணே, சைனா மிஷினுன்னாரு. நல்ல வேள, நம்பிட்டாங்க."

நானும் நல்ல வேளை என்றேன். கேழ்வரகில் நெய் வடிகிறது என்று சொன்னால் கேட்பவனுக்குப் புத்தி எங்கே போயிற்று என்பார்கள். அன்றைக்கு அந்தப் புத்தி கெட்டவன் நான்தான்.

பிறகு முதலாளிக்கு முழங்கால் வலி தாங்கவில்லை. இந்தக் குளிரே ஆகாது என்று மகள் வீட்டோடு மதுரைக்கு இறங்கிவிட்டார். பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த மகன் ஹோட்டலைப் பார்த்துக்கொள்ள வந்தார். நல்ல பையன், வேலைக்காரர்களை அண்ணே என்பதைத் தவிர வேறு எப்படியும் கூப்பிட மாட்டார்.

"அண்ணே, நம்ம கிரவுடு ரொம்ப ஏஜ்டுண்ணே. வீக்கெண்டுக்கு பைக்கர்ஸ் நெறைய வர்றாங்க. டேப் பீர், காக்டெயில், நல்ல மியூசிக், இது மூணும் போதும்" என்றார்.

"சரக்க மாத்துனா ஆளு மாறிருவாங்க தம்பி."

"அதுக்குத்தாண்ணே மாத்துறேன்."

என் பதினாறு வருஷ வித்தையை அவர் ஒரே வாக்கியத்தில் எனக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் கணக்கு தப்பவும் இல்லை. நீலமும் பச்சையுமாக நான் கலக்கிக் கொடுக்கிறதைக் குடிக்கப் பிள்ளைகள் சனிக்கிழமைதோறும் வருகிறார்கள். ஹெல்மெட்டை வரிசையாக அடுக்கி வைத்து, போகும்போது டம்ளரைத் தாங்களே கவுண்டருக்குக் கொண்டுவந்து வைக்கிறார்கள். ஒரு பெண் என் மீசை சூப்பர் என்று சொன்னதிலிருந்து எனக்கும் அவர்கள் மேல் வருத்தமில்லை. இன்றைக்கு எங்கள் கவுண்டரில் குழாயில் பீர் பிடிக்கிற டேப்பும் பாய்லரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. ஆனால் நடுவில் ஒரு மாதம் பாய்லர் ஸ்டோர் ரூமில் கிடந்தது. நான் சொல்ல வந்தது அந்த மாதத்தின் முதல் நாளைப் பற்றி.

ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாளும் பீர் மிஷின் பூட்டுவதற்காகப் பார் மூடியிருந்தது. புதன்கிழமை மூன்றரைக்கு நான்கு பேரும் வந்தார்கள். பாய்லர் இருந்த இடத்தில் பளபளவென்று பீர் டேப்பு. பிளம்பர் அதன் பைப்பைக் குனிந்து பார்த்துவிட்டு, "வேல சுத்தமா இல்ல, ஒழுகும்" என்று ஆரூடம் சொன்னார். பூண்டுக்காரர் என்னிடம் திரும்பி, "எங்களுக்கு எப்பவும் போல ரம்மே குடுங்க. சுடுதண்ணி இருக்குல்ல?" என்றார்.

சுடுதண்ணி இருந்தது. அடுப்படியில் எலக்ட்ரிக் கெட்டில் இருந்தது. அதைக் கையில் எடுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. கெட்டில் தண்ணி வெள்ளைத் தண்ணி. மூன்று டம்ளரில் ரம் நிறம் கொடுக்கும். நான்காவது டம்ளரில் தண்ணீர் தண்ணீராகவே நிற்கும். மேசையிலிருந்து டிரைவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் உறைத்துவிட்டது. நான் பார்த்த வரையில் அந்த முகத்தில் அப்படி ஒரு பயம் ஆஸ்பத்திரிக்குப் பிறகு முதன்முதலாக இங்கே வந்த அன்றுகூட இல்லை. ஒரு கணம் அவர் உதடு அசைந்தது. எனக்கும் ரம்மே ஊற்று என்று சொல்கிறாரோ என்று நினைத்தேன். கேட்டிருந்தால் நான் ஊற்றியிருக்க மாட்டேன். ஆனால் கேட்கும் நிலைக்கு அவரைக் கொண்டுவந்தது நான் வேலை பார்க்கிற கடைதானே.

டீ டிக்காஷன் ஞாபகம் வந்தது. ரூம்களுக்கு அனுப்பப் போட்டது பாத்திரத்தில் மிச்சமிருந்தது. இரண்டு கரண்டியை டம்ளரில் விட்டு, கெட்டில் தண்ணியை ஊற்றினேன். நிறம் சரியாகவே வந்தது. அவர் மனைவி சொன்ன தேத்தண்ணி நிறம். தட்டில் நான்கையும் வைத்து, டிரைவர் பக்கம் இருக்க வேண்டியதை நன்றாக மனதில் குறித்துக்கொண்டு வெரசா கொண்டுபோனேன். அந்த அவசரத்தில் தட்டைத் திருப்பி வைத்துவிட்டேன். கை நீட்டினால் எடுக்கிற தூரத்தில், பூண்டுக்காரருக்கு முன்னால் போய் நின்றது டீ.

எடுத்து ஒரு வாய் குடித்தார். டம்ளரைப் பார்த்தார். இன்னொரு வாய் குடித்தார்.

"டீ நல்லாத்தான் இருக்கு. சீனி பத்தல" என்றார்.

நான் தட்டோடு மரமாக நின்றேன். டிரைவர் மஃப்ளரை எடுத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டு எழுந்தார். அன்று எந்த நாற்காலியிலும் இடித்துக்கொள்ளவில்லை.

"தம்பி மேல தப்பில்ல. நாந்தான் அப்படிக் குடுக்கச் சொன்னேன். நான் விட்டு ஒன்றர வருசமாச்சு. சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான், நான் ஜன்னல் பக்கம் போயிடறேன்" என்றார்.

"உக்காருங்கண்ணே" என்றார் பூண்டுக்காரர். "எனக்கு மூணு பிள்ளைங்க. ஒன்றர வருசமா உங்க கையில ஜீப்பக் குடுத்துட்டுப் பின்னால தூங்கிக்கிட்டு வர்றேன். குடிச்சவன் கையில குடுப்பேனா?"

டிரைவர் நின்றபடியே அவரைப் பார்த்தார்.

"கண்ணு சரியில்லன்னீங்களே."

"என் கண்ணுக்கு என்ன கேடு. மேல பூண்டி வரைக்கும் தினமும் நான் ஓட்டலியா? நீங்க மறுபடி இந்த மேசைக்கு வந்த மூணாம் நாளே தெரிஞ்சுபோச்சு. மொத டம்ளர் அடிச்சா உங்களுக்குக் காது செவக்கும். செவக்கல."

"அந்த மிஷினு இருக்கே" என்று ஆரம்பித்த பிளம்பருக்கு அதற்கு மேல் சிரிப்பை அடக்க முடியவில்லை. "எங்க மூணு பேரு மூச்சுக்கே ஏட்டு மயங்கிருப்பாரு. உங்ககிட்ட வந்ததும் மட்டும் படுத்துருச்சாக்கும். சைனா மிஷினுன்னு சொல்லி நானும் ஒங்களுக்கு முட்டுக் குடுத்தேன்."

நான் ஒருவன்தான் அந்த அறையில் எதுவும் தெரியாமல் முதுகைத் திருப்பித் திருப்பி நின்று வெறுங்குப்பியைக் கவிழ்த்திருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது. வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது.

டிரைவருக்கு இன்னும் உட்கார மனம் வரவில்லை. நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு, "அப்ப சட்டம்?" என்று கேட்டார். குழந்தை கேட்கிற மாதிரி இருந்தது.

மியூசிக் சார் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அந்த ரூல் வெளிய போய்ப் பேசுறவனுக்கு. ஒன்றர வருஷமா நீங்க இங்க எல்லாத்தையும் கேட்டீங்க. ஒரு வார்த்தையாவது வெளிய போயிருக்கா?" என்றார். பிறகு நாற்காலியை டிரைவர் பக்கம் திருப்பிக்கொண்டார். "போன வெள்ளிக்கிழமை என் டாட்டர் பத்திச் சொன்னேன். யார்கிட்டயும் சொன்னதில்ல. இவங்க ரெண்டு பேருக்கும் மார்னிங் எதுவும் ஞாபகம் இருக்காது. நீங்க இருந்தீங்க, அதான் சொன்னேன். வீட்டுல தனியா இருக்கேன். ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்கட்டும்னு தோணுச்சு."

டிரைவர் மெதுவாக உட்கார்ந்தார். பூண்டுக்காரர் டீ டம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். டிரைவர் அதைத் தொடவில்லை. மேசையில் அவர் வழக்கமாக உயர்த்துகிற குரல் இல்லை. ஒன்றரை வருஷத்தில் அவருடைய சொந்தக் குரலை அந்த மேசை அன்றுதான் கேட்டது.

"ஞாயித்துக்கெழம சர்ச் முடிஞ்ச பொறகு போன் பண்றேன்னு அந்தப் பிள்ள மெசேஜ் போட்டிருக்குன்னு சொன்னீங்க. ஆறு வருசம் பேச்சே இல்லாம இருந்துட்டு. மூணு நாளா எனக்கு அதே நெனப்பாக் கெடக்கு சார். இன்னைக்கு உள்ள வந்ததும் கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. குடிச்சவன் மறந்திருக்கணுமேன்னு கேக்காம இருந்தேன்."

மியூசிக் சார் கண்ணாடியைக் கழற்றினார்.

"பண்ணுச்சா சார்?"

அவர் கண்ணாடியை ஸ்வெட்டர் நுனியில் துடைத்தார். துடைத்து முடித்தும் போட்டுக்கொள்ளவில்லை.

"பண்ணினா. டூ மினிட்ஸ்தான் பேசினா" என்றார். "அங்க மழையா டாடின்னு கேட்டா."